கிராபீன் ஒட்சைட்டில் டிஎன்ஏ பிடிக்கும் பெட்டி: வன்னியில் ஒரு பள்ளிக்கூட லேப்பில் போட்டுப் பார்த்தது

டிஎன்ஏ இழைகள் சோடி சேர்வதைக் கண்ணால் காட்டும் பரிசோதனைப் பெட்டி இது. முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒன்றைப் பற்றி வேறு யாரும் எழுதியிருந்தால் நானும் அதைத்தான் முதலில் தேடுவேன். 18,500 ரூபா, கூரியர் காசு வேறு. ரூபாவின் மதிப்பு விழுந்த 2022க்கு முன்னர் இதன் பாதி விலைக்கு வந்திருக்கும் என்று நினைத்து மனம் எரிவதில் பயனில்லை. லேப் சாமான் எல்லாமே அப்படித்தான் ஏறிக் கிடக்கிறது.

விற்பவர் பெயரை எழுதவில்லை. ஒரே பெட்டிக்கு மேலே வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி இரண்டு மூன்று பேர் விற்கிறார்கள். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால் அடையாளம் கண்டுகொள்வீர்கள். மண்ணிறத் திரவமாகக் கிராபீன் ஒட்சைட்டு ஒரு சின்னப் போத்தல். உலர்த்திய டிஎன்ஏ நான்கு ரியூப்: ஒன்று பச்சை ஒளிர்வுச் சாயம் கட்டிய ஒற்றை இழை, மற்றவை அதனோடு முழுதாகப் பொருந்தும் இழை (இலக்கு), ஓரெழுத்து மட்டும் பிழைத்த இலக்கு, சம்பந்தமே இல்லாத ஓர் இழை. அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் ட்ரிஸ் தாங்கற்கரைசல் ஒரு போத்தல், சோடியம் குளோரைட்டும் மக்னீசியம் குளோரைட்டும் சேர்ந்த உப்புக் கரைசல் இன்னொரு போத்தல். நீல எல்ஈடி விளக்கு வைத்த ஒரு பிளாஸ்ரிக் தாங்கி, செம்மஞ்சள் நிறத் தகடு, அளவு மாற்ற முடியாத இரண்டு பிப்பெற், கொஞ்சம் வெறும் ரியூப். ஆங்கிலத்தில் நாலு பக்கக் கையேடு.

எங்கள் பள்ளிக்கூடம் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதிப் பக்கம். உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். டிஎன்ஏ இழைகள் சோடி சேரும் என்பதைப் பிள்ளைகள் கரும்பலகையில் ஏயும் ரீயும் ஜீயும் சீயும் போட்டுப் படித்துவிட்டு, பரீட்சையில் எழுதிவிட்டு, மறந்துவிடுவார்கள். அது நடக்கிறதைக் கண்ணால் காட்ட ஒரு வழி வேண்டும் என்று கனகாலமாகத் தேடினேன். டிஎன்ஏயைப் பல மடங்கு பெருக்கித் தரும் பிசிஆர் இயந்திரம் எங்களுக்கு எட்டாது. இந்தப் பெட்டிக்கு இயந்திரமே தேவையில்லை. இருட்டு அறையும் கண்ணும் போதும். வாங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான். பழைய மாணவர்கள் சிலர் காசு சேர்த்துத் தந்தார்கள்.

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீல வெளிச்சத்தை (495 நனோமீற்றர் அளவில்) வாங்கி, பச்சையாக (520 அளவில்) திருப்பித் தரும் சாயம் ஒன்று ஒற்றை இழையின் நுனியில் கட்டப்பட்டிருக்கிறது. கிராபீன் ஒட்சைட்டு ஓர் அணுத் தடிப்பில் உள்ள காபன் தகடு, அங்கங்கே ஒட்சிசன் கூட்டங்கள் முளைத்தது. ஒற்றை இழையின் காரங்கள் (அந்த ஏ, ரீ, ஜீ, சீ எழுத்துகள்) வெளியே திறந்து கிடப்பதால் அந்தத் தகட்டில் பாய் விரித்தாற்போலப் படிந்துவிடும். படிந்ததும் சாயம் வாங்கிய சக்தியைத் தகடு பிடுங்கிக்கொள்கிறது. ஒளிர்வு அணைந்துவிடும். இப்போது பொருத்தமான இலக்கு இழையைப் போட்டால் இரண்டும் முறுக்கிச் சோடி சேர்கின்றன, காரங்கள் உள்ளே ஒளிந்துவிடுகின்றன, வெளியே மறை (நெகற்றிவ்) ஏற்றமுள்ள பொஸ்பேற்றுகள்தான். அதற்குத் தகட்டில் பிடி இல்லை. கழன்று வந்ததும் பச்சை திரும்புகிறது.

இந்த வழியை 2009ல் சீனாவின் பூசோ பல்கலைக்கழகக் குழு காட்டியது. அதற்கு முன்பே 2001ல் நியூயோர்க்கில் 1.4 நனோமீற்றர் தங்கத் துணிக்கையை இதே அணைக்கும் வேலைக்குப் பிடித்திருந்தார்கள். காபன் நனோகுழாய், மொலிப்டினம் இருசல்பைட்டுத் தகடு என்று பிறகும் பல வந்தன. எனக்குப் பிடித்தது பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சுவாதியும் செபஸ்தியனும் 2008, 2009 அளவில் போட்ட கணக்கு. ஒரு சாயத்திலிருந்து இன்னொரு சாயத்துக்குச் சக்தி தாவுவது தூரத்தின் ஆறாம் அடுக்குக்குக் குறையும். தூரத்தை இரட்டித்தால் 64 மடங்கு வீழ்ச்சி. கிராபீன் தகட்டுக்கு அது நாலாம் அடுக்கு, 16 மடங்குதான். அதாவது தகட்டின் பிடி கூடிய தூரம் போகிறது. சாயம் தகட்டில் ஒட்டியே இருக்கவேண்டியதில்லை. கிட்ட இருந்தாலே இருட்டுத்தான். கையேட்டில் இதெல்லாம் ஒரு வரிகூட இல்லை, 'மெஜிக் கார்பன்' என்று ஒரு படம் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

சரி, செய்து பார்த்தோம். எங்கள் லேப்பில் ஜன்னல்கள் பெரிது, பகலில் இருட்டாக்கவே முடியாது. ஆகவே இரசாயனப் பொருள்கள் வைக்கும் களஞ்சிய அறைக்குள் ஆறு ஆறு பேராகப் புகுந்தோம். காற்றோட்டம் இல்லாமல் வியர்த்து ஊற்றியது. சாய இழை ரியூப்பை நீல விளக்கின் மேல் வைத்துச் செம்மஞ்சள் தகட்டின் ஊடாகப் பார்த்தால் நல்ல பிரகாசமான பச்சை. கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் செறிவைத் தாராளமாகக் கூட்டிவைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். உப்புக் கரைசலும் கிராபீன் ஒட்சைட்டும் விட்டுக் கொஞ்ச நேரத்தில் பச்சை போய்விட்டது. நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

பின்னுக்கு நின்ற ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், மண்ணிறத் தண்ணி ஊத்தினா வெளிச்சம் மங்கத்தானே செய்யும்? தேத்தண்ணி ஊத்தினாலும் மங்கும்."

கையேட்டை எழுதியவர் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. அவர் யோசிக்கவே இல்லை. ஆனால் பெட்டிக்குள் பதில் இருக்கிறது, அதுவும் தற்செயலாக. உப்பும் ட்ரிஸ்ஸும் தனித்தனிப் போத்தலில் வருகின்றனவே, அதுதான். டிஎன்ஏயும் மறை ஏற்றம், கிராபீன் ஒட்சைட்டும் மறை ஏற்றம். ஒன்றையொன்று தள்ளும். உப்பின் சோடியமும் மக்னீசியமும் நடுவில் வந்து அந்தத் தள்ளலை மறைத்தால்தான் இழை தகட்டில் படியும். ஆகவே ஒரு ரியூப்பில் சாய இழை, ட்ரிஸ், கிராபீன் ஒட்சைட்டு எல்லாம் போட்டு உப்பை மட்டும் சேர்க்கவில்லை. அதே மண்ணிறம், ஆனால் பச்சை அப்படியே நின்றது. கொஞ்சம் மங்கல்தான், பிள்ளை சொன்னது அந்த மட்டுக்குச் சரி. பிறகு அதே ரியூப்பை விளக்கின் மேலேயே வைத்துக்கொண்டு உப்புக் கரைசலில் கொஞ்சம் விட்டு, பிப்பெற்றால் மேலும் கீழும் இழுத்துக் கலந்தோம். முதல் அரை நிமிடத்திலேயே பாதி போய்விட்டது. அப்புறம் ஒரு பக்கமாகத் தேய்ந்து தேய்ந்து, ரியூப்பின் விளிம்பு எது அறையின் இருட்டு எது என்று தெரியாமல் போனது. நிறத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாள். 18,500 ரூபாயில் பெரிய பங்கு எனக்கு அந்த ஒரு ரியூப்பில் கிடைத்துவிட்டது. நீங்கள் வாங்கினால் கையேட்டை மூடிவைத்துவிட்டு இதிலிருந்து தொடங்குங்கள்.

முழுப்பொருத்த இலக்கைப் போட்டபின் பச்சை திரும்ப அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது. கையேடு '10 நிமிடம்' என்கிறது, நம்பவேண்டாம். இரண்டு பாடவேளை சேர்ந்து வரும் நாளில் செய்யுங்கள். திரும்பும் பச்சையும் ஆரம்பத்தில் இருந்த அளவுக்கு வராது, ஏனென்றால் இலக்கு இழையும் ஒற்றை இழைதானே. அதில் ஒரு பங்கு நேரே தகட்டில் போய்ப் படிந்துவிடுகிறது. அப்படிப் படியும்போது முன்பு இருந்த சாய இழையைத் தள்ளி விழுத்துவதும் உண்டு. அது பிறகு கரைசலில் மிதந்தபடி சோடி தேடும். அழகாக வந்து கைபிடித்துக் கூட்டிப்போவதாகக் கையேட்டின் படம் காட்டுவது பாதிக் கதைதான்.

தண்ணீரைப் பற்றி வன்னியில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். உலர்ந்த டிஎன்ஏயைக் கரைக்க 'தூய நீர்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், பெட்டிக்குள் தண்ணீர் வைக்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேத்திலின் அடியில் இருக்கும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தால் தெரியும், அவ்வளவு கல்சியம். பார்ப்பதற்காகவே கிராபீன் ஒட்சைட்டில் ஒரு துளியைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டோம். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் கறுப்பாகத் திரண்டு அடியில் இருந்தது. கல்சியம் போன்ற இரட்டை ஏற்றமுள்ள அயன்கள் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். கொதிக்கவைத்தாலும் வடிகட்டினாலும் சரிவராது. காய்ச்சி வடித்த நீர் இல்லாத பள்ளிக்கூடம் என்றால் வாகனத்துக்கு விடும் பற்றரி வாட்டர் வாங்குங்கள், அமிலம் கலந்ததை அல்ல, வெறும் நீரை. எங்களுக்கு அது நன்றாக வேலை செய்தது.

உப்புக் கரைசல் போதாது, மூன்று குழுவோடு முடிந்துவிட்டது. அதைச் செய்ய ஒரு பெரிய வித்தையும் இல்லை. லேப்பில் உள்ள சோடியம் குளோரைட்டில் 0.58 கிராம் எடுத்து 100 மில்லிலீற்றரில் கரைத்தால் 100 மில்லிமூலர் செறிவு. மக்னீசியம் குளோரைட்டு இருந்தால் ஒரு சிட்டிகை. ஒரு பையன் வீட்டிலிருந்து ஆனையிறவு உப்பைக் கொண்டுவந்து "இதையும் போட்டுப் பாப்பம் சேர்" என்றான். போட்டோம், அணைந்தது. ஆனால் அடுத்த நாள் பார்த்தால் அந்த ரியூப்பில் மட்டும் தகடுகள் திரண்டு கிடந்தன. கடலுப்பில் வேறு அயன்களும் கூட வருகின்றன. காட்டுவதற்குச் சரி, வைத்திருப்பதற்குச் சரியில்லை. ஒரு காலத்தில் இதே ஆனையிறவு உப்பில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தது என்று அன்றைக்குச் சொல்ல வாய்த்தது. பாடத்திட்டத்தில் இல்லாத பேச்சு, ஆனால் அவர்கள் அதைத்தான் கூடக் கவனமாகக் கேட்டார்கள்.

இனி விற்பனையாளரோடு பட்ட பாடு. முதலில் வந்த பெட்டியில் கிராபீன் ஒட்சைட்டுப் போத்தலைத் திறந்தால் கரிச்செதில்கள். குலுக்கினால் மேலே வந்து திரும்ப இறங்கின. இந்தத் திரவத்தை உறையவைக்கக்கூடாது, உறைந்தால் தகடுகள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும், பிறகு சாதாரணமாகக் குலுக்கிப் பிரிக்க முடியாது. அங்கே யாரோ எல்லாவற்றையும் சேர்த்து உறைபெட்டியில் தள்ளியிருக்கவேண்டும். கையேட்டில் 'முழுப் பெட்டியையும் மைனஸ் 20ல் வைக்கவும்' என்று அச்சடித்திருக்கிறார்கள், பிறகு ஆட்களைக் குறைசொல்லி என்ன? வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். முதலில் 'நன்றாகக் குலுக்கவும்' என்றார்கள். குலுக்கும் வீடியோவையும் அனுப்பியபின் வேறு போத்தல் அனுப்பச் சம்மதித்தார்கள். கூரியர் காசு என் தலையில். இரண்டாவது போத்தல் நல்ல தேன் நிறத்தில் ஒரு துகளும் இல்லாமல் வந்தது. அதைப் பிரிட்ஜில் சாதாரணத் தட்டில் வைத்திருக்கிறேன், கறன்ற் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. டிஎன்ஏ ரியூப்கள் உலர்ந்திருக்கும்வரை வெக்கையைத் தாங்கும். கரைத்தபின்தான் உறைபெட்டி தேவை. சாய இழையை வெளிச்சம் படாமல் ஈயத்தாளில் சுற்றிவைக்கவேண்டும், இல்லாவிட்டால் சாயம் வெளிறிவிடும்.

போத்தலில் வெளிநாட்டு லேபல். கிராபீன் ஒட்சைட்டு என்பது காரீயத்தை (கிரபைற்று) சல்பூரிக்கமிலத்திலும் பொற்றாசியம் பரமங்கனேற்றிலும் போட்டு ஒட்சியேற்றி எடுப்பது. ஹம்மர்ஸ், ஒஃப்மன் இருவரும் 1958ல் வெளியிட்ட முறையின் வழிதான் இன்றைக்கும். உலகத்தில் மிகத் தூய நரம்புக் காரீயம் (பாறை இடுக்கில் நரம்புபோல ஓடுவது) எடுக்கும் போகல, கஹட்டகஹ சுரங்கங்கள் எங்கள் தீவில்தான் இருக்கின்றன. ஹோமாகமவில் உள்ள சிலின்ரெக் நிறுவனம் அந்தக் காரீயத்திலிருந்து கிராபீன் ஒட்சைட்டு செய்தும் இருக்கிறது. பிறகும் ஒரு பள்ளிக்கூடப் பெட்டிக்கு டொலரில் வாங்கி வருகிறார்கள் என்றால் யாரிடம் போய்ச் சொல்ல?

ஓரெழுத்துப் பிழைத்த இலக்கு ரியூப் ஏமாற்றம். அட்டையில் 'ஒரேயொரு எழுத்து வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கும்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கண்ணால் பார்த்தால் முழுப்பொருத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெயர் எழுதாமல் இரண்டையும் நீட்டி எது எது என்று கேட்டபோது பிள்ளைகள் நாணயம் சுண்டிச் சொன்னதுபோலத்தான் சொன்னார்கள். காரணம் இருக்கிறது. இருபது எழுத்தில் ஒன்று பிழைத்தாலும் எங்கள் அறை வெப்பத்தில், 32, 33 பாகையில், மற்றப் பத்தொன்பதும் போதிய பலத்தோடு பிடித்துக்கொள்ளும். 1996ல் தியாகி, கிறேமர் என்ற இரு ஆய்வாளர்கள் கொண்டுவந்த கொண்டையூசி வடிவ இழை வேறு மாதிரி. அது தன்னைத்தானே மடித்துப் பூட்டியிருக்கும், நல்ல பொருத்தம் வந்தால்தான் திறக்கும், ஆகவே ஓரெழுத்துப் பிழையைக் கண்டிப்போடு பிரிக்கும். 2001ல் தங்கத் துணிக்கையை வைத்ததும் அப்படி மடித்த இழையில்தான். பெட்டியில் தந்திருப்பதோ நேர் இழை. ஒளிர்வுமானி வைத்து அளந்தால் ஒருவேளை எண்ணில் வித்தியாசம் தெரியும். கண்ணை நம்பி விற்கும் பெட்டியில் அந்த வாசகத்தை எடுத்துவிடவேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. பப்பாப்பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டு, குளிர்ந்த ஸ்பிரிற்றில் வெள்ளை நூலாக டிஎன்ஏ எடுக்கும் பரிசோதனையைப் பிள்ளைகள் முன்பே செய்திருந்தார்கள். அந்த நூலைக் கொஞ்சம் கரைத்து அணைந்த ரியூப்பில் விட்டார்கள். மெல்லிய பச்சை! கைதட்டல் வேறு. இந்தச் சாய இழைக்கும் பப்பாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே பழமே போடாமல், அதே கழுவும் திரவத்தையும் உப்பையும் மட்டும் இன்னொரு அணைந்த ரியூப்பில் விடச்சொன்னேன். அதே பச்சை. சாய இழை இல்லாத ரியூப்பிலும் விட்டுப் பார்த்தோம், அது இருட்டு. திரவம் தானாக ஒளிரவில்லை, தகட்டில் படிந்திருந்த சாய இழையை அதுதான் தள்ளி விழுத்தியிருக்கிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஒன்றில் வேலை செய்யும் பழைய மாணவியிடம் தொலைபேசியில் சொன்னேன். "சேர், சவர்க்காரம் மட்டுமில்லை, புரதமும் உப்பிடித்தான் செய்யும். அல்புமின் போட்டாலே கழன்று வரும். இரத்தச் சீரத்தில நேர வேலை செய்யாது எண்டதுக்கு உதுதான் முதல் காரணம்" என்றாள். இதைப் பற்றிக் கையேட்டில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. பச்சை வந்தால் டிஎன்ஏ பிடிபட்டது என்று மட்டும் இருக்கிறது. பெட்டி செய்பவர்கள் ஒரு சின்ன ரியூப்பில் ஏதாவது சவர்க்காரப் பொருளை 'பொய்ப் பச்சை' என்று பெயர் எழுதி வைத்தால் பெட்டியின் மதிப்பு இரட்டிக்கும். அதுவரை பாத்திரம் கழுவும் திரவத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் அட்டையில் ஒரு நுளம்புப் படம், பக்கத்தில் 'நோய் கண்டறிதல்'. பெற்றார் கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு "தம்பி, டெங்குவும் இதில பாக்கலாமோ?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். டெங்கு வைரசில் இருப்பது டிஎன்ஏ அல்ல, ஆர்என்ஏ. அது ஒரு புறம். எண்ணிக்கை பெரிய தடை. நல்ல ஒளிர்வுமானி இருந்தால்கூட இந்த எளிய முறை வழக்கமாக நனோமூலர் செறிவோடு நின்றுவிடும், அதற்குக் கீழே போகாது. 100 மைக்ரோலீற்றரில் ஒரு நனோமூலர் என்றால் 6,000 கோடி இழைகள். பிசிஆர் ஓர் இழையை முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேலாகப் பெருக்கித் தருகிறது. இந்தப் பெட்டி எதையும் பெருக்குவதில்லை, இருப்பதை அப்படியே காட்டுகிறது. பெருக்கும் படிகளைச் சேர்த்து எல்லையைக் கீழே இறக்கிய ஆய்வுகள் உண்டு, ஆனால் அவை இந்த அட்டைப்பெட்டிக்குள் இல்லை. அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கக் கொண்டுபோங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சின்னச் சாமான்கள்: நீல விளக்குத் தாங்கி நல்லது, யூஎஸ்பியில் ஓடுகிறது, பவர் பாங்கில் கொழுவினால் கறன்ற் இல்லாத நேரமும் வேலை செய்யும். செம்மஞ்சள் தகட்டின் ஊடாகத் தொலைபேசியில் படமும் எடுக்கலாம், ஆனால் கமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதால் இருட்டு ரியூப்பும் பச்சையாகத் தெரியும். எல்லா ரியூப்பையும் ஒரே படத்தில் வைத்து எடுங்கள். பிப்பெற் இரண்டும் மோசம். ஒன்றின் தலை சில பாவிப்போடு இறுகிவிட்டது.

உயர்தர உயிரியலோ உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியலோ படிப்பிப்பவர் வாங்கலாம், இரண்டு பள்ளிக்கூடம் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது. ஒரு போத்தல் கிராபீன் ஒட்சைட்டு இரண்டு வகுப்புக்குத் தாராளம். நோய் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்து வாங்குபவர் காசைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். முதலில் முடிவது சாய இழைதான். அதை மட்டும் தனியாக விற்பீர்களா என்று விற்பனையாளரிடம் கேட்டேன். முழுப் பெட்டிதான் வாங்கவேண்டும் என்றார்கள். பழைய மாணவியிடம் சொல்லியிருக்கிறேன், அவர்கள் பீடத்துக்கு அடுத்த முறை டிஎன்ஏ இழைகள் ஓடர் போடும்போது எங்களுக்கும் ஒன்று சேர்த்துப் போட முடியுமா என்று கேட்டுச் சொல்கிறாளாம்.